படம் பாடம் அல்ல

எங்கள் பங்குக் கோவிலைப் புதுப்பித்தபோது, வடக்குச் சுவரில் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே தொங்கிய சகாய மாதா படத்தைக் கழற்றி வைத்தார்கள். வெள்ளையடிப்பு முடிந்து புது மின்விசிறிகள் சுழலத் தொடங்கிய பிறகும் அது பழைய ஆணிக்குத் திரும்பவில்லை. கோவிலுக்குப் பின்னால் இருக்கும் மறைக்கல்வி வகுப்பறைக்குப் போய்விட்டது. ஏன் என்று கேட்டோம். பதில் சுருக்கமாக வந்தது. மக்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் வேதத்தைக் கண்ணால் காட்டிக் கற்பிக்கத்தான் படமும் சுரூபமும் வந்தன. இன்று எல்லார் வீட்டிலும் விவிலியம் இருக்கிறது. இனி அந்தப் படம் பிள்ளைகளின் பாடத்துக்குப் பயன்படட்டும்.

சொன்னவர் மாதாமேல் பக்தி இல்லாதவர் அல்ல. படித்தவர், பிள்ளைகள்மேல் அக்கறை உள்ளவர். அதனால்தான் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தவறான கருத்தை விரோதி சொன்னால் ஒதுக்கிவிட்டுப் போகலாம். நல்லவர்கள் நம்பிச் சொல்லும்போது அது சுவரில் இருக்கும் ஆணியைப் பிடுங்கிவிடுகிறது.

திருவுருவங்கள் பாமரரின் விவிலியம் என்ற இந்தக் கருத்தை எங்கும் கேட்கலாம். பிரான்ஸ் நாட்டுப் பெருங்கோவில்களில் வண்ணக் கண்ணாடிகளைக் காட்டும் வழிகாட்டிகள் இதைச் சொல்கிறார்கள். கலை வரலாற்றுப் பாடநூல்கள் சொல்கின்றன. கத்தோலிக்கர் தம் சுரூபங்களுக்காக வாதாடும்போது இதை எடுக்கிறார்கள். சுரூபம் வேண்டாம் என்னும் சபையாரும் இதையே எடுத்து, அந்தக் காலத்துக்குச் சரி, இப்போது எதற்கு என்று கேட்கிறார்கள். ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் ஒரே கருத்தில் நிற்பதால் அதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. சோதித்தால் அது வரலாற்றிலும் நிற்காது, இறையியலிலும் நிற்காது என்பதே என் வாதம்.

என் அப்பத்தாவுக்கு நன்றாகப் படிக்க வரும். விடியற்காலையில் செபப் புத்தகத்தை விரித்துக் கடைசிப் பக்கம் வரை வாசிப்பார். மூடிய பிறகுதான் எழுந்து போய்ச் சுவரில் இருந்த படத்தின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். வாசிக்கத் தெரியாததற்கு ஈடாக அவர் படத்திடம் போகவில்லை. வாசித்து முடித்ததால் போனார்.

இந்தக் கருத்தின் ஊற்று எது என்று தேடினால் இரண்டு கடிதங்களுக்குப் போய்ச் சேருவோம். 599ஆம் ஆண்டிலும் 600ஆம் ஆண்டிலும் பாப்பரசர் முதலாம் கிரகோரியார் மார்சேய் நகர ஆயர் செரேனுசுக்கு எழுதியவை அவை. மக்கள் படங்களை ஆராதிக்கிறார்கள் என்று கண்ட செரேனுஸ், கோவிலில் இருந்த படங்களை உடைத்துப் போட்டார். மக்கள் கோபித்துக்கொண்டு அவரை விட்டு விலகினார்கள். கிரகோரியார் இரண்டாம் கடிதத்தில் இரு பக்கமும் பார்த்து எழுதினார்: ஆராதிப்பதைத் தடுத்தது சரி, உடைத்தது தவறு, படித்தவனுக்கு எழுத்து எதைத் தருகிறதோ அதைப் படிக்காதவனுக்குப் படம் தருகிறது. உடைந்துபோன ஒரு சபையை ஒட்டவைப்பதற்காக எழுதப்பட்ட கடிதம் இது. திருவுருவம் என்றால் என்ன என்று விளக்க வந்த நூல் அல்ல. அதே கடிதத்தில் கிரகோரியார் இன்னொன்றும் சொல்கிறார்: படத்தில் கண்ட நிகழ்ச்சியால் மனம் உருகி, மனிதர் மூவொரு கடவுளின் முன் விழ வேண்டும். இந்த உருக்கத்தைப் பின்வந்தவர்கள் விட்டுவிட்டார்கள். பாடத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். 1025இல் அராஸ் நகரில் கூடிய ஆயர் மன்றமும் படிக்காதவர்களுக்கான படம் என்ற வாதத்தையே எடுத்தது. அதன் பிறகு அது பழமொழிபோல் ஆகிவிட்டது.

இந்த வாதம் திருவுருவங்களைக் காப்பாற்றுகிறது என்று கத்தோலிக்கர் நினைக்கிறார்கள். அது அவற்றைக் கொன்றுவிட்டது. கிரகோரியாரின் வாதத்துக்குச் சீர்திருத்தவாதி கால்வின் சொன்ன பதிலைப் பாருங்கள்: திருச்சபை தன் கடமையைச் செய்து ஒழுங்காகப் போதித்திருந்தால் படிப்பறியாதவர் என்று ஒரு கூட்டமே இருந்திருக்காது; ஊமையான படங்களைக் குருக்களாக்கியது குருக்களின் சோம்பல். திருவுருவத்தின் வேலை கற்பிப்பதுதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டால் கால்வினுக்கு மறுமொழியே கிடையாது. பள்ளிக்கூடம் கட்டு, புத்தகம் அச்சடி, படத்தை இறக்கு. எங்கள் பங்கில் நடந்தது அதுதான். கத்தோலிக்கக் கோவிலில், மாதா பக்தர்கள் கையால், கால்வினின் தீர்ப்பு நிறைவேறியது.

ஆனால் சீர்திருத்தக் காலத்தில் படங்களை முதலில் உடைத்தவர்கள் அவற்றைப் பாமரரின் பாடநூலாக மட்டுமா பார்த்தார்கள்? விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் இறையியல் முனைவரான கார்ல்ஷ்டாட், 1522 சனவரியில் படங்களை அகற்றச் சொல்லி ஒரு சிறுநூல் வெளியிட்டார். அதற்குள் ஒரு வாக்குமூலம் இருக்கிறது. சிறுவயது முதல் படங்களை மதித்து வளர்ந்த தன் நெஞ்சில் அவற்றைப் பற்றிய அச்சம் இன்னும் இருக்கிறது, அதை உதற முடியவில்லை என்கிறார். எபிரேயம் படித்தவர், வேத விளக்கத்தில் ஊறியவர், மரத்தில் செதுக்கிய உருவத்தின் முன் நெஞ்சு நடுங்குவதாக ஒப்புக்கொள்கிறார். அந்த நடுக்கம்தான் அவர் கையில் கோடரியைக் கொடுத்தது. பாடநூலைக் கண்டு யாரும் நடுங்குவதில்லை. திருவுருவம் என்ன செய்யும் என்பது அதை உடைத்தவருக்குத் தெரிந்திருந்த அளவுக்கு, இன்று அதைப் பாடநூல் என்று சொல்லிக் காக்க வருபவருக்குத் தெரியவில்லை.

இந்தப் படங்களை யார் பார்த்தார்கள், யாருக்காக வரைந்தார்கள் என்று ஒவ்வொரு இடமாகப் போய்க் கேட்போம்.

சீனாய் மலையடிவாரத்தில் புனித கத்தரீன் மடம். இன்று உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஐகான்கள் என்னும் திருவுருவப் படங்கள் அங்கேதான் அதிகம். அவற்றுள் 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிறிஸ்துவின் முகம், சூடாக்கிய மெழுகில் வண்ணம் குழைத்துத் தீட்டியது. ஒரு பாதி முகம் கனிந்திருக்கும், மறு பாதி கண்டிப்பாக இருக்கும். இரண்டு கண்களும் உங்களை விடாது. இந்தப் படம் இருக்கும் மடத்தில்தான் உலகின் பழமையான கிறித்தவ நூலகங்களில் ஒன்றும் இருக்கிறது. 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்க விவிலியமான சீனாய்ச் சுவடி கிடைத்தது அங்கேதான். இரவும் பகலும் திருப்பாடல் ஓதிய, சுவடி படித்த துறவிகள் அவர்கள். அவர்களில் யாருக்கு எழுத்தறிவிக்க அந்த முகம் தேவைப்பட்டது?

586இல் ரபூலா என்ற துறவி சிரியாக் மொழியில் நற்செய்தி நூலைப் படியெடுத்தார். அதற்குள் சிலுவைச் சாவும் விண்ணேற்றமும் முழுப்பக்க ஓவியங்களாக இருக்கின்றன. எத்தியோப்பியாவின் கரீமா நற்செய்திகள், அயர்லாந்துத் துறவு மரபில் வந்த கெல்ஸ் நூல், 13ஆம் நூற்றாண்டில் ஆர்மீனிய ஓவியர் தோரோஸ் ரோஸ்லின் தீட்டிய நற்செய்திகள் என்று கிறித்தவ உலகின் நான்கு மூலைகளிலும் இதே கதைதான். புத்தகத்துக்குள் படம். படிக்கத் தெரியாதவன் புத்தகத்தைத் திறப்பதில்லை. அந்த ஏடுகளைத் தொடவும் அவனுக்கு வாய்ப்பில்லை. பொன்னும் நீலமும் செலவழித்து வரைந்தவை அத்தனையும் எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தவன் கண்ணுக்காக. இந்த ஒரு சான்று போதும் என்றே நினைக்கிறேன். ஆனாலும் புளோரன்சைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

புளோரன்ஸ் நகரின் சான் மார்கோ மடம் டொமினிக்கன் துறவிகளுடையது. போதிப்பதற்கென்றே தோன்றிய சபை அது. கல்வி அவர்களின் தவம். 1440ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே ஃப்ரா ஆஞ்சலிக்கோவும் அவருடைய கூட்டத்தாரும் துறவிகளின் அறை ஒவ்வொன்றிலும் ஒரு சுவரோவியம் தீட்டினார்கள். அறைக்கு ஒரு சன்னல், ஒரு ஓவியம். அதே மாடியில், அந்த அறைகளிலிருந்து சில எட்டுத் தூரத்தில், மிக்கெலோட்சோ கட்டிய நூலகம். தூண்கள் வரிசையிட்ட, வெளிச்சம் நிறைந்த கூடம். அந்தக் காலத்து இத்தாலியின் சிறந்த புத்தகச் சேகரிப்புகளில் ஒன்று அங்கே இருந்தது. துறவி பகலில் நூலகத்தில் படித்தார். அறைக்குத் திரும்பி, தேவதூதன் வந்து நிற்கும் வெறுமையான மண்டபத்தை, வண்ணம் அடங்கிய அந்த மரியாளைப் பார்த்துக்கொண்டு முழந்தாளிட்டார். படிப்பு முடிந்த இடத்தில் பார்வை தொடங்கியது. நூலகத்துக்கு அடுத்த வாசலில் திருவுருவம் இருக்கக் காரணம் என்ன என்று நம் பாடநூல்கள் கேட்பதே இல்லை.

இன்னும் பின்னால் போவோம். சிரியாவில் தூரா எவுரோப்போஸ் என்ற எல்லை நகரம் 256இல் பாரசீகரிடம் வீழ்ந்து மண்ணில் புதைந்தது. அகழ்ந்தபோது கிறித்தவர் கூடிய ஒரு வீடு கிடைத்தது. நமக்குக் கிடைத்துள்ள வீட்டுக்கோவில்களில் மிகப் பழையது அதுவே. அந்த வீட்டில் சபை கூடிப் போதனை கேட்ட பெரிய அறையில் விவிலியக் காட்சி ஏதும் காணப்படவில்லை. திருமுழுக்குத் தரும் சிற்றறையில்தான் நல்ல ஆயரும், கல்லறைக்கு விளக்கேந்திப் போகும் பெண்களும், படுக்கையைத் தூக்கி நடக்கும் முடவனும் இருக்கிறார்கள். திருமுழுக்குத் தொட்டியை நெருங்குகிறவர் எல்லாப் போதனையும் கேட்டு முடித்தவர். கற்பிக்கும் இடத்தில் படமில்லை. கற்று முடித்தவர் சாவிலிருந்து வாழ்வுக்குக் கடக்கும் இடத்தில் படம் இருக்கிறது.

இனி, படத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தாலும் பாமரரின் விவிலியம் பொய்த்துப்போகும். கிழக்குத் திருச்சபைகளின் கிறிஸ்து பிறப்பு ஐகானில் ஒரு குகை, படுத்திருக்கும் தாய், மூலையில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்த கிழவர், குழந்தையைக் குளிப்பாட்டும் இரண்டு பெண்கள், எருது, கழுதை. குகையும் மருத்துவச்சியும் நான்கு நற்செய்திகளில் எதிலும் இல்லை. யாக்கோபின் பெயரால் வழங்கும் பழைய புறநூலிலிருந்து வந்தவை. எருதும் கழுதையும் எசாயா முதல் அதிகாரத்திலிருந்து வந்தவை. உயிர்ப்பு ஐகானில் கிறிஸ்து பாதாளத்தின் கதவுகளை மிதித்து நின்று ஆதாமையும் ஏவாளையும் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறார். எந்த நற்செய்தியாளர் இதை எழுதினார்? கதை தெரியாதவனுக்கு இந்தப் படங்கள் ஒன்றையும் சொல்லாது. கதையையும் அதன் மேல் எழுந்த பாட்டையும் செபத்தையும் கேட்டு ஊறியவனுக்குத்தான் அவை திறக்கும். படிக்காத மக்கள் வேதத்தைக் காதால் கற்றார்கள். மறையுரை, பாட்டு, திருவிழா, பாட்டி சொன்ன கதை எல்லாம் அவர்களுக்கு இருந்தன. அவர்கள் காது கேளாதவர்கள்போல் படத்தை மட்டும் நம்பியிருந்தார்கள் என்று நினைப்பதே அவர்களைச் சிறுமைப்படுத்துவது.

பாரிஸ் நகரின் சென்ட் ஷப்பெல் 1248இல் அபிஷேகமானது. 15 சன்னல்களில் 1,113 காட்சிகள். ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்துக்கு எழும் அந்தக் கண்ணாடியின் மேல் வரிசைகளைத் தரையில் நிற்பவர் கண்ணால் பின்பற்ற முடியாது. அந்த மேல்மாடம் அரசர் ஒன்பதாம் லூயியும் அவருடைய அவையும் செபித்த இடம். அரண்மனைப் பணியாளர்களுக்குக் கீழ்த்தளக் கோவில். பாமரருக்கான விவிலியம் என்றால் அதைப் படித்தவர்களுக்கு மேலே வைத்து, வேலைக்காரர்களைக் கீழே நிறுத்துவார்களா? 15ஆம் நூற்றாண்டில் மரப்பலகையில் வெட்டி அச்சிட்ட படநூல் ஒன்றுக்கு ஏழைகளின் விவிலியம் என்று பிற்காலத்தவர் பெயரிட்டார்கள். பிரித்துப் பார்த்தால் பக்கமெங்கும் சுருக்கெழுத்து லத்தீன். நடுவில் புதிய ஏற்பாட்டுக் காட்சி ஒன்று, இருபுறமும் அதற்கு முன்னடையாளமான பழைய ஏற்பாட்டுக் காட்சிகள், சுற்றிலும் நான்கு இறைவாக்கினர். தேர்ந்த மறையுரையாளருக்கே வேலை வைக்கும் நூல் அது.

திருவுருவங்கள் ஒருவருக்கும் ஒன்றும் கற்பிக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அவற்றுக்காக மூன்று நூல்கள் எழுதிய தமஸ்கு யோவானே, படிக்காதவருக்குப் படம் புத்தகம் என்ற கருத்தைத் தன் வாதங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார். லூத்தரும் 1529இல் பிள்ளைகளையும் எளியவர்களையும் மனத்தில் கொண்டு படங்களுடன் ஒரு சிறுநூல் வெளியிட்டார். படத்தால் நினைவு நிற்கிறது, கதை மனத்தில் பதிகிறது. தாலாட்டுக் கேட்டுக் குழந்தை மொழி பழகுவதும் உண்மைதான். அதற்காகத் தாலாட்டை இலக்கணப் பாடம் என்று சொல்லி, குழந்தை பேசத் தொடங்கியதும் தாயை வாயை மூடச் சொல்வோமா?

திருவுருவத்துக்காக மக்கள் அடிபட்டு, நாடு கடத்தப்பட்டு, கை இழந்து நின்ற காலம் பைசாந்தியத்தில் உண்டு. 8ஆம் நூற்றாண்டில் பேரரசர் மூன்றாம் லியோ தொடங்கிவைத்த அந்தச் சண்டை நூற்றாண்டுக்கும் மேல் நீடித்தது. அதில் இரு தரப்பும் எதைப் பற்றிப் பேசின? 754இல் ஹியேரியாவில் கூடிய 338 ஆயர்கள் கேட்ட கேள்வி இது: கிறிஸ்துவின் படத்தை வரைபவன் அவருடைய மனிதத்தை மட்டும் வரைகிறானா, அப்படியானால் அவரை இரண்டாக வெட்டுகிறான், இறைமையையும் வரைகிறானா, அப்படியானால் எல்லையற்றதைக் கோட்டுக்குள் அடைக்கிறான். இதற்கு 787இல் இரண்டாம் நைசியா சங்கமும், பின்னர் ஸ்தூதியோஸ் மடத்துத் தியோதோரும் தந்த பதிலின் சாரம்: வரைவது இயல்பை அல்ல, ஆளை. கடவுள் மனிதராகப் பிறந்தார், அவருக்கு ஒரு முகம் இருந்தது, கண்ணால் கண்டார்கள், கையால் தொட்டார்கள். அவரை வரைய முடியாது என்பவன் அவர் உண்மையில் பிறக்கவில்லை என்கிறான். எழுத்தறிவின்மை இந்தச் சண்டையின் மையத்தில் இல்லவே இல்லை. அதன் மையத்தில் இருந்தது பெத்லகேம்.

நைசியா சங்கம் கடவுளுக்கு மட்டுமே உரிய ஆராதனையையும் திருவுருவங்களுக்குச் செய்யும் வணக்கத்தையும் வெவ்வேறு கிரேக்கச் சொற்களால் பிரித்துவைத்தது. சங்கத்தின் ஏடுகள் லத்தீனில் மோசமாக மொழிபெயர்க்கப்பட்டுப் பிராங்க் அரசர் சார்லமாயின் அவைக்குப் போனபோது இரண்டும் ஒரே சொல்லாகக் குழம்பின. சைப்ரஸ் ஆயர் ஒருவர், மூவொரு கடவுளுக்குரிய ஆராதனையைப் படங்களுக்குத் தரமாட்டேன் என்று சொன்னது, தருவேன் என்று தலைகீழாக வந்து சேர்ந்தது. கொதித்துப்போன பிராங்க் நாட்டு அறிஞர்கள் ஒரு பெரிய மறுப்பு நூலே எழுதினார்கள். 794இல் பிராங்க்ஃபர்ட் சங்கம் கண்டனம் செய்தது. மேற்கு நாட்டார் திருவுருவத்தை வணக்கத்துக்குரியதாகப் பார்க்கக் கூசி, அலங்காரம், பாடம் என்ற பாதுகாப்பான சொற்களுக்குள் பதுங்கியதற்கு இந்த மொழிபெயர்ப்புப் பிழையும் ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆராதனை வேறு, வணக்கம் வேறு என்று தமிழ்க் கிறித்தவப் பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே தெரியும். சொல் கையில் இருந்தும் நாம் மேற்கின் கூச்சத்தைக் கடன் வாங்கியிருக்கிறோம்.

தியோதோர் எழுதிய ஒரு கடிதம் எனக்கு மிகவும் பிடிக்கும். பைசாந்திய அதிகாரி ஒருவர் தம் குழந்தையின் திருமுழுக்கின்போது புனித தெமேத்திரியுவின் ஐகானையே ஞானத்தந்தையாக நிறுத்தினார். தியோதோர் அவரைப் பாராட்டி எழுதுகிறார். ஞானத்தந்தை என்பவர் குழந்தையின் அருகில் நிற்பவர், அதற்குப் பொறுப்பேற்பவர். படம் படிப்பதற்கு என்று நினைப்பவருக்கு இந்தச் செயல் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். வந்து நிற்பதற்கு என்று அறிந்தவருக்கு அது இயல்பு. கான்ஸ்டான்டினோப்பிளின் ஹாகியா சோபியாவில் 867இல் மாதாவின் புதிய மொசைக் உருவம் திறக்கப்பட்டபோது மறையுரை ஆற்றிய போத்தியுஸ், சுமார் 280 நூல்களைப் படித்துக் குறிப்பு எழுதிவைத்தவர். காதால் கேட்பதைவிடக் கண்ணால் காண்பது நெஞ்சில் ஆழமாக இறங்கும் என்று அவர் வாதிட்டார். இதைச் சொன்னவர் அந்த நூற்றாண்டின் மாபெரும் வாசகர்.

நோயாளிகளிடமும் போய்க் கேட்போம். ஆல்சாஸ் பகுதியில் ஈசன்ஹைம் என்ற சிற்றூர். அங்கே அந்தோனியார் சபைத் துறவிகள் மருத்துவமனை நடத்தினார்கள். ரை என்ற தானியத்தில் பற்றும் பூஞ்சையால் வரும் அந்தோனியார் தீ என்ற நோய்; கைகால் எரிந்து, கறுத்து, அழுகி விழும். அந்த மருத்துவமனைக் கோவிலின் பீடத்துக்கு 1512 முதல் 1516 வரை மத்தியாஸ் க்ரூனவால்ட் ஓவியம் தீட்டினார். சாதாரண நாட்களில் பீடத்தின் கதவுகள் மூடியிருக்கும். மூடிய கதவின் மேல் சிலுவைச் சாவு. அந்தக் கிறிஸ்துவை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். தோல் பச்சை படர்ந்து, உடம்பெல்லாம் முள் தைத்துப் புண்ணாகி, விரல்கள் வலியில் முறுக்கி விரிந்து, பாரத்தில் சிலுவை மரமே வளைந்திருக்கும். திருவிழா நாளில் கதவுகளைத் திறந்தால் உள்ளே ஒளியாய் எழும் உயிர்ப்பு, அங்கே திருக்காயங்களைத் தவிரத் தோலில் ஒரு புண்ணும் இல்லை.

பாயில் படுத்திருந்த நோயாளிக்கு இயேசு சிலுவையில் இறந்தார் என்பது தெரியாதா? அதைத் தெரிவிக்கவா இவ்வளவு பெரிய பலகை? தன் தோலில் இருக்கும் புண்ணை அவன் ஆண்டவர் தோலில் கண்டான். தன்னைக் கண்டு ஊரே முகம் திருப்பியபோது தன்னைப்போல ஒருவர் தனக்கு எதிரே தொங்குவதைக் கண்டான். புத்தகத்தில் அந்த வரியைப் படித்துக் காட்டலாம். ஆனால் படித்துக் காட்டியவர் புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விடுவார். இரவு முழுவதும் எரிச்சலில் கிடப்பவனோடு இருந்தது இந்த உடம்பு. இந்த ஓவியத்தில் சிலுவையின் வலப்பக்கம் திருமுழுக்கு யோவான் நிற்கிறார், ஒரு கையில் விரித்த புத்தகம், மறு கையின் நீண்ட விரல் சிலுவையைச் சுட்டுகிறது. விவிலியப்படி யோவான் அதற்கு முன்பே தலை வெட்டப்பட்டு இறந்துவிட்டார். பாடம் நடத்த வந்த படம் இப்படியொரு பிழையோடு நிற்காது. புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவனே புத்தகத்துக்கு வெளியே விரலை நீட்டுகிறான். க்ரூனவால்டுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாமல் போயிற்று.

அந்த விரலை இன்னொரு இடத்தில் பார்க்கலாம். விட்டன்பர்க் நகரக் கோவிலில், லூத்தர் இறந்த மறு ஆண்டான 1547இல் வைக்கப்பட்ட லூக்காஸ் கிரானாக்கின் பீட ஓவியம். அதன் அடிப்பலகையில் ஒரு பக்கம் லூத்தர் பிரசங்கப் பீடத்தில் நிற்கிறார், ஒரு கை விரித்த விவிலியத்தின் மேல், மறு கை விரல் நீட்டியபடி. எதிர்ப்பக்கம் சபையார். நடுவில், வெறும் தரைமேல், சிலுவையில் கிறிஸ்து. சீர்திருத்தச் சபையின் தலைக்கோவிலில் பலிபீடத்தின்மேல் சீர்திருத்தத்தின் உள்ளம் ஓவியமாகத்தான் இருக்கிறது. லூத்தர் 1522 மார்ச்சில் விட்டன்பர்க்குக்கு விரைந்து திரும்பியதற்குக் கார்ல்ஷ்டாட் தூண்டிய உருவ உடைப்பை நிறுத்துவதும் ஒரு காரணம். அவருடைய பிற்கால வாதம் எளியது: கிறிஸ்துவின் பாடுகளைக் கேட்கும்போது, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் சிலுவையில் தொங்கும் ஒரு மனிதனின் உருவம் என் உள்ளத்தில் எழுகிறது, உள்ளத்தில் அது பாவமில்லை என்றால் கண்ணில் மட்டும் எப்படிப் பாவமாகும்? வேதத்தை மக்கள் மொழியில் தந்தவர் இதைச் சொல்கிறார். அவருடைய 1522 புதிய ஏற்பாட்டில் திருவெளிப்பாட்டு நூலுக்குக் கிரானாக் பட்டறையின் மரவெட்டுப் படங்கள் இருந்தன. படங்களை வெளியேற்றிய ஜெனீவாவில் 1560இல் வெளியான ஆங்கில விவிலியத்திலும் படங்களும் வரைபடங்களும் உண்டு.

உருவமே இல்லை என்று நாம் நினைக்கும் மரபுகளிலும் கண் பட்டினி கிடக்கவில்லை. ஒல்லாந்தில் வெள்ளையடித்த கோவில்களில் பத்துக் கட்டளைகளைப் பொன்னெழுத்தில் பெரிய பலகைகளாக எழுதி மாட்டினார்கள். பாரசீகத் திருச்சபை மரபில் வந்த பரங்கிமலைச் சிலுவையைச் சுற்றிப் பஹ்லவி எழுத்துகள் ஓடுகின்றன. 1547இல் போர்ச்சுக்கீசியர் அதைக் கண்டெடுத்தபோது அங்கிருந்தவர்களால் அதைப் படிக்க முடியவில்லை; அறிஞர்களின் வாசிப்புகள் இன்றும் ஒத்துப்போவதில்லை. அங்கே எழுத்தே உருவமாகிவிட்டது. நம் சி.எஸ்.ஐ., லூத்தரன் உறவினர் வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாங்கிய வாக்குத்தத்த அட்டையை ஆண்டு முழுவதும் கண்ணில் படும் இடத்தில் வைத்திருப்பார்கள். அந்த வசனம் அவர்களுக்கு மனப்பாடம். மறந்துபோகுமென்று மாட்டவில்லை. துன்பம் வந்த நாளில் அட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த நிற்றலை நான் மதிக்கிறேன். அதுவும் என் அப்பத்தாவின் நிற்றலும் ஒன்றே என்று அவர்களிடம் சொல்லியும் இருக்கிறேன்.

சகாய மாதா படத்துக்கே வருகிறேன். நம் கோவில்களில் புதன்கிழமை நவநாளுக்கு முன்னால் வைக்கும் அந்தப் படம் கிரேத்தா தீவின் ஐகான் மரபில் வந்தது. அதன் மூலத்தை 1866இல் ரோமில் ரெடெம்ப்டரிஸ்ட் துறவிகளின் கோவிலில் வைத்தார்கள். அங்கிருந்து நகல்கள் உலகெங்கும் போயின. கிழக்கின் ஐகான் ஒன்று, கத்தோலிக்கர் வழியாக, தமிழ்ச் சிற்றூர்ச் சுவர் வரை வந்திருக்கிறது. அதில் இருக்கும் எழுத்துகள் கிரேக்கம். கடவுளின் தாய், இயேசு கிறிஸ்து, மிக்கேல், கபிரியேல் என்ற பெயர்களின் சுருக்கம். எங்கள் ஊரில் அதைப் படித்தவர் எவரும் இல்லை. படத்தில் உள்ள நிகழ்ச்சி விவிலியத்திலும் இல்லை: வானதூதர் இருவர் சிலுவையையும் ஆணியையும் ஈட்டியையும் ஏந்தி வர, குழந்தை அவற்றைத் திரும்பிப் பார்த்து மருண்டு, செருப்பு ஒன்று அவிழ்ந்து தொங்க, தாயின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொள்கிறது. தாய் குழந்தையைப் பார்ப்பதில்லை. நம்மைப் பார்க்கிறாள்.

வகுப்பறையில் அந்தப் படம் கரும்பலகைக்குப் பக்கத்தில் தொங்குகிறது. சென்ற மாதம் ஒரு புதன்கிழமை மாலை அங்கே ஏதோ எடுக்கப் போனேன். பிள்ளைகள் இல்லை. வாசலில் ஐந்தாறு சோடிச் செருப்புகள் கிடந்தன. உள்ளே பெண்கள் சிலர் பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, சுண்ணக்கட்டித் தூள் படிந்த தரையில் முழந்தாளிட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் ஊர்ப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். யாரோ ஆசிரியர் மேசையில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். நான் செருப்பைக் கழற்றினேன்.